இன்றைய பருகுநர்

பெங்களூர் நகரப் பால் நல வாரியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. இருக்கிற ஒரே வாயும் அதன் பாலைக் குடித்து வளர்ந்தது. ஆகையால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். கேட்டு உங்களுக்குக் கோபம் வந்தால் அது உங்கள் சொந்தக் கோபம். அதற்கு வாரியம் பொறுப்பல்ல, நானும் அல்ல.

ஓசூர் ரோட்டில், அடுகோடிப் பட்டறைகளைத் தாண்டிப் போனால் வாரியம். பெரிய மாட்டுப் பண்ணை, அதைவிடப் பெரிய அலுவலகம். முன்வாசலில் 'மாடுகள் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை தொங்கியது. யாரோ ஒரு பழைய இயக்குநர் தம் ரோஜாச் செடிகளைக் காப்பாற்ற எழுதச் சொன்னது அது. மாட்டினவன் தோட்டத்து வாசலுக்குப் பதிலாகப் பண்ணை வாசலில் மாட்டிவிட்டான். கழற்றினால் தீர்ந்தது என்பீர்கள். உங்களுக்கு வாரியத்தைத் தெரியாது. எழுதி மாட்டிய பலகையைக் கழற்ற நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும், கூடினால் உப்புமாவும் காப்பியும் சாப்பிட்டுக் கலையும். அதனால் பின்பக்கத்து மதிலை இடித்து மாடுகளுக்கு வழி விட்டார்கள். பலகையில் எழுதியது எழுதியதுதான். அந்த ஒரு விஷயத்தில் வாரியம் யாருக்கும் வளைந்து கொடுத்தது கிடையாது.

அறுபத்தைந்தாம் வருஷத்து மழைக்காலத்தில் அங்கே சுவரெழுத்து எழுதப் போனவர் ரெமிஜியஸ். விவேக் நகர் கோயிலுக்குப் பின்சந்தில் குடியிருந்த போர்டு பெயிண்டர். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் கைக்கு வரும். வாய்க்கு எதுவும் சரியாக வராது. யார் என்ன சொன்னாலும் 'ஆகட்டும் சார்' என்பார். தீவனக் கிடங்கின் சுவரில் 'தூய பால், துள்ளும் பிள்ளை' என்று ஆளுயரத்துக்கு எழுத வேண்டும் என்பது உத்தரவு.

கிடங்கின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கடலைப் புண்ணாக்கு மூட்டைகள் நனைந்து, மேலெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்திருந்தது. கிடங்குக் காவல்காரன் கோவிந்தன், கோலார் தங்கவயல்காரன், அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இதையா கொடுக்கிறீர்கள் என்று ரெமிஜியஸ் கேட்டதற்கு, மாடு இதுவரை புகார் கொடுத்ததில்லை என்றான். போகும்போது கூட்டின தூளை ஒரு பையில் அள்ளி, வீட்டில் வாத்து வளர்க்கிறீர்களே, போடுங்கள் என்று அன்போடு கொடுத்தும் அனுப்பினான்.

கிறிஸ்துமஸுக்கென்று ரெமிஜியஸின் மனைவி ஞானம்மாள் வாத்துக் குஞ்சுகள் வாங்கி விட்டிருந்தாள். அவை தூளைத் தின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால் கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு வரிசையாகச் செத்துக் கிடந்தன. ஞானம்மாள் குஞ்சுகளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு கதவோரம் ஜடை பின்னிக்கொண்டிருந்த மகள் பெர்னடெத்தைப் பார்த்தாள்.

"இதத் தின்ற மாட்டுப் பாலத்தானே ஸ்கூல்ல ஊத்துறாங்க?" என்றாள். "நம்ம பாப்பா டெய்லி அதத்தானே குடிக்குது?"

ரெமிஜியஸுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஊரைத் திருத்த அவர் கிளம்பவில்லை. தம் மகளுக்கு மட்டும் அந்தப் பால் வேண்டாம், அவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

அந்தப் பள்ளியில் வாரியத்தின் இலவசப் பால் திட்டம் நடந்தது. காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று குடிக்க வேண்டும்; குடித்து முடித்த அடையாளமாக டம்ளரைத் தலையில் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தலை நனைந்தால் முழங்கால் போட வேண்டும். தலைமை சிஸ்டர் நல்லவர். ரெமிஜியஸ் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். ஒரு பிள்ளை குடிக்காவிட்டாலும் பள்ளியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள், மற்றப் பிள்ளைகளின் புத்தகமும் சீருடையும் அதோடு போய்விடும் என்றார். சரி, மகளை வேறு பள்ளியில் சேர்க்கிறேன் என்றால், பால் குடித்து முடித்த சான்றிதழ் இல்லாமல் டிசி கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. வாரியத்திலேயே போய்க் கேளுங்கள், நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று அனுப்பிவைத்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. செத்த குஞ்சு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

இயக்குநர் ஆராவமுதன் மூன்று தலைமுறையாக மைசூர் சர்க்கார் உத்தியோகத்தில் ஊறின குடும்பம். காலையில் அலுவலகம் வந்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃப்ளாஸ்கைத் திறந்து காப்பி குடித்துவிட்டுத்தான் யாரையும் பார்ப்பார். பசவனகுடியில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஒரு சொந்தப் பசு இருந்தது. அதற்குப் பருத்திக்கொட்டையும் தவிடும்தான் ஆகாரம். பொதுமக்களின் பாலில் இயக்குநர் கைவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தத் தியாகத்தை அவர் வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை.

குஞ்சை அவர் மேஜைமேல் வைக்க விடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

"ஏம்ப்பா, வாத்து நம்ம கஸ்டமரா?" என்றார். "வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு வாத்துக்காவது நாம பால் சப்ளை பண்ணியிருக்கோமா? அப்புறம் அதோட சாவுக்கு நாங்க எப்படிப்பா ஜவாப் சொல்றது?"

வாத்துக்கு இல்லை சார், என் மகளுக்கு, என்று ரெமிஜியஸ் இழுத்தார். மகள் செத்தாளா என்று ஆராவமுதன் கேட்டார். இல்லை என்றார் இவர். பின்னே என்ன, பால் நல்ல பால்தானே என்று மகிழ்ந்து, விஞ்ஞான விளக்கத்துக்காக அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அடுத்த அறையில் டாக்டர் வெங்கடசுப்ரமணியன் இருந்தார். சீமைக்குப் போய் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கின கோட்டை இன்னும் கழற்றவில்லை. இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. சீமையில் சில வருஷத்துக்கு முன் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்ததையும், கடலைப் புண்ணாக்கில் பிடித்த பூஞ்சையின் விஷம்தான் காரணம் என்று கண்டுபிடித்ததையும், மாடு அதைத் தின்றால் விஷம் பாலில் இறங்குவதையும், காய்ச்சினாலும் போகாமல் மெல்ல மெல்ல ஈரலைப் பிடிப்பதையும் ருசித்து ருசித்துச் சொன்னார். பெர்னடெத் போன வருஷமெல்லாம் குடித்த பாலை நினைத்து ரெமிஜியஸுக்கு அழுகையே வந்தது.

"பயப்படாதீங்கோ," என்றார் டாக்டர். "அது வான்கோழி வியாதி. நம்ம நாட்ல வான்கோழி கிடையாது. அதனால இங்கே வர சான்ஸே இல்லை."

காக்ஸ் டவுனில் டெஸ்மண்ட் துரை வீட்டில் இரண்டு வான்கோழி இருக்கிறது சார் என்றார் ரெமிஜியஸ். டாக்டர் முகம் சுருங்கியது. அவை புண்ணாக்குத் தின்ன வேண்டாம் என்று அறிவுறுத்தி ஒரு கடிதம் போடுவதாகச் சொன்னார்.

பாலைச் சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டதற்கு, தினமும் சோதிக்கிறோமே என்று லாக்டோமீட்டரைக் காட்டினார். அது தண்ணீரைக் காட்டுமாம், விஷத்தைக் காட்டாதாம். விஷத்தைக் காட்ட ஒரு விசேஷ விளக்கு உண்டு; அதன் ஊதா வெளிச்சத்தில் விஷம் நீலமாக மின்னும். அந்த விளக்கும் வந்துவிட்டது. மூலையில் ஒரு மரப்பெட்டியில் ஆணி அடித்தபடி இருந்தது, மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோயிருந்தன. மந்திரி வந்து திறந்துவைக்கத் தேதி கொடுக்கவில்லை; அதுவரை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கே பொட்டு வைத்துப் பொரி கடலை படைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதோடு ரெமிஜியஸ் வீட்டுக்குப் போயிருக்கலாம். மகளை நினைத்துக்கொண்டு, திரும்ப இயக்குநர் அறைக்கே போய்க் கைகட்டி நின்றார். ஆராவமுதனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வாரியத்தின் சரித்திரத்தில் பொதுமக்களிடமிருந்து வந்த முதல் புகார் இது, இதை அலட்சியம் செய்ய மாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னார். புகாரை நிரூபிக்கும் பொறுப்பைப் புகார்தாரருக்கே கொடுப்பதுதான் ஜனநாயகம் என்றார். ஆகவே ரெமிஜியஸ் தினமும் காலையில், பால் வண்டிகள் புறப்படுமுன், எல்லார் முன்னிலையிலும் ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டியது. அவருக்குக் கெடுதல் வந்தால் புகார் உண்மை. வராவிட்டால் பால் உத்தமம். முடிவு தெரியும்வரை மகளின் விலக்கு மனு பரிசீலனையில் இருக்கும். பரிசீலனையில் இருக்கும்வரை மகள் வழக்கம்போல் குடித்து வரவேண்டும்.

குடிக்க மறுத்தால் பொய்ப்புகார் என்றாகும், பள்ளியிலிருந்து மகள் பெயர் எடுக்கப்படும், டிசியும் கிடைக்காது. ரெமிஜியஸ் 'ஆகட்டும் சார்' என்றார். வேறு என்ன சொல்வார், பாவம்.

முன்வாசலில் ஒரு மேடை கட்டினார்கள். மேலே பலகை: 'இன்றைய பருகுநர்'. கீழே பெயர். பெயரை அவரையே எழுதச் சொன்னார்கள். எழுத்து நேராகத்தான் வந்தது, தொழில் அப்படி. காலையில் மணி அடிக்கும், இயக்குநர் நாற்காலியில் வந்து அமர்வார், கோவிந்தன் பலகையிலிருக்கிற பெயரை உரக்கப் படித்துப் பித்தளைத் தட்டில் டம்ளரை நீட்டுவான். இவர் குடித்ததும் எல்லாரும் சற்று நேரம் இவர் முகத்தைப் பார்ப்பார்கள். விழவில்லை என்று தெரிந்ததும் 'பருகியாயிற்று' என்று கோவிந்தன் கூவ, கேட்டைத் திறந்து வண்டிகளை விடுவார்கள். பலகையில் பெயருள்ளவர் பருகாமல் ஒரு வண்டியும் நகரக் கூடாது என்று ஆராவமுதன் விதியே செய்துவிட்டார்.

ஒருமுறை ரெமிஜியஸ் தங்கவயலுக்கு மச்சான் வீட்டுக்கு ஓடிப் பார்த்தார். வாரியத்து ஜீப் ஃப்ளாஸ்கில் பாலோடு வந்து அங்கேயே குடிக்கவைத்து, 'பருகியாயிற்று' என்று பெங்களூருக்குத் தந்தி அடித்தது. மச்சான் வீட்டார் இவருக்கு வந்த மரியாதையைப் பார்த்து அசந்துபோனார்கள்.

இதில் இன்னொரு அநியாயம், அவருக்குக் கொஞ்சம் சதை போட்டது. நல்ல பால் இல்லாவிட்டாலும் பால் பால்தானே. உடனே அவரைப் படம் பிடித்து லால்பாக் கண்காட்சியில் வைத்தார்கள்: 'புகாருக்கு முன், புகாருக்குப் பின்.' ஞானம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலாவாக வாரியத்துக்கு அழைத்து வந்தார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்த வரிசையில் பெர்னடெத் இருந்தாள். இதற்கு முந்தைய வாரம்தான் ரெமிஜியஸ் அவளைத் தனியே கூப்பிட்டு, சிஸ்டர் பார்க்காதபோது பாலைச் செடிக்கு ஊற்றிவிடு கண்ணு என்று சொல்லியிருந்தார். அவளும் ஊற்றி, அகப்பட்டு, முழங்கால் போட்டிருந்தாள். இப்போது அப்பா மேடையில் ஏறி டம்ளரை வாங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். இன்று குடிக்கக் கூடாது என்று ரெமிஜியஸ் நினைத்தார். தலைமை சிஸ்டரும் ஆராவமுதனும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். பிள்ளைகள் கைதட்டின.

சாயங்காலம் பெர்னடெத் அவர் மடியில் வந்து சாய்ந்தாள்.

"இனிமே நான் ஊத்த மாட்டேன்ப்பா," என்றாள். "நீயே குடிக்கிறியே."

அன்று அவர் சாப்பிடவில்லை. ஞானம்மாள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கோயில் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குக்கூட இந்த இடத்தில் வாரியத்தின்மேல் லேசாக வருத்தம் உண்டு.

தவக்காலம் தொடங்கும்போது ரெமிஜியஸின் கண் மஞ்சளாயிற்று. பிறகு நகம், பிறகு தோல். வயிற்றில் வலப்பக்கம் கை வைக்க முடியவில்லை. நோயைவிட அவருக்குச் சந்தோஷம்தான் அதிகம். கெடுதல் வந்துவிட்டது, புகார் உண்மை, மகள் தப்பினாள் என்று ஒரு ரிக்‌ஷாவில் ஏறி வாரியத்துக்குப் போய் மஞ்சள் கையை நீட்டினார்.

டாக்டர் வெங்கடசுப்ரமணியன் தொடாமல் சோதித்தார். இது மஞ்சள் காமாலை என்று ஒப்புக்கொண்டார். காமாலை தண்ணீரால் வருவது. தண்ணீர் வேறு இலாகா. மேலும் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழியே இருக்கிறது, ஆகவே நோயாளியின் சாட்சியம் செல்லாது. ஆரோக்கியமாக இருந்தவரை பால் நல்லது என்று நிரூபித்தார். ஆரோக்கியம் போனதும் நிரூபிக்கும் தகுதியை இழந்தார். ஈரலுக்கு நல்லது என்று கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். வாரியத்துப் பாலில்தான்.

ஆனால் ஆராவமுதனை இரக்கமில்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் கண் கலங்கியது. ரெமிஜியஸின் தோளைத் தொடப் போய், மஞ்சளைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"சர்வீஸ்ல இருக்கறச்சே உடம்பு முடியாமப் போனா, வாரிசுக்கு அந்த வேலையக் குடுக்கறது சர்க்கார் தர்மம்," என்றார். "உம்ம பொண்ணு இருக்காளோல்லியோ? வயசு பத்தாதுதான். கருணை அடிப்படையில் நானே தளர்த்திட்டேன். நாளைலேர்ந்து அவதான் பருகுநர். ஸ்கூல்ல குடிக்கறதும் அதுபாட்டுக்கு நடக்கட்டும்."

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். பழக்கத்தால் முதலில் வந்தது 'ஆகட்டும் சார்' தான். அதற்குள் கோவிந்தன் ஏணியையும் பெயிண்ட் டப்பாவையும் கொண்டுவந்துவிட்டான். பழைய பெயரை அழித்து மகள் பெயரை எழுதிவிட்டுப் போகும்படி உத்தரவு. அவர் ஏணியில் ஏறும்போது ஆராவமுதன் கார் ஏறப் போனவர், நின்று, அக்கறையோடு ஒரு யோசனை சொன்னார்.

"கீழே கொஞ்சம் இடம் விட்டு எழுதுப்பா. பின்னால தேவைப்படும்."

கார் போய்விட்டது. ரெமிஜியஸ் பழைய பெயரை அழித்தார். கோவிந்தன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு பிரஷ் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுதி இறங்கியதும் கோவிந்தன் அண்ணாந்து படித்தான், இவரைப் பார்த்தான், மறுபடி படித்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை வழக்கம்போல் மணி அடித்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. ஆராவமுதன் வந்து நாற்காலியில் அமர்ந்து, சின்னப் பெண்ணைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொல்வதற்காகக் காகிதத்தைப் பிரித்தார். கோவிந்தன் பலகையைப் பார்த்து உரக்கப் படித்தான்.

"இன்றைய பருகுநர், இயக்குநர் திரு. ஆராவமுதன் அவர்கள்."

தட்டு அவர் முன் வந்து நின்றது. ஆராவமுதன் சிரித்தார். பிறகு திரும்பிப் பலகையைப் பார்த்தார். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றிலும் அவர் பெயர். மஞ்சள் பெயிண்ட், அழகான எழுத்து. உடனே கழற்று என்றார். குழு கூடித் தீர்மானம் போடணுமே சார் என்றான் கோவிந்தன். கேட்டைத் திற என்றார். பலகையில் பெயருள்ளவர் பருகாமல் வண்டி நகரக் கூடாது என்று விதியைக் கோவிந்தன் வரி பிசகாமல் ஒப்பித்தான். குமாஸ்தாக்கள், வண்டிக்காரர்கள், டாக்டர் எல்லாரும் வழக்கப்படி, குடிக்கப் போகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆராவமுதன் டம்ளரைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். இத்தனை வருஷத்தில் வாரியத்தின் பாலை அவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதை யார் குடிப்பா?" என்றார்.

அவர் யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. டம்ளரைச் சாஸரால் மூடித் தம் அறைக்கு எடுத்துப் போய், அவசர ஆலோசனை என்று கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் ஏறியது. வண்டிகளில் கேன் கேனாகப் பால் திரிந்தது.

விவேக் நகர்ப் பள்ளிக்கூடத்தில் அன்று பால் வரவில்லை. தலைமை சிஸ்டர் பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் எல்லாரும் குடித்து முடித்து டம்ளரைத் தலையில் கவிழ்த்தார்கள்.

பெர்னடெத் வீட்டுக்கு வந்தபோது ரெமிஜியஸ் பாயில் படுத்திருந்தார். ஞானம்மாள் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள், மோரில் கலக்க. மோர் பக்கத்துச் சந்தில் புல் மேய்கிற மாட்டுடையது.

"இன்னிக்கு நீ குடிச்சியாப்பா?"

"இல்லம்மா."

"நானும் குடிக்கல," என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போனாள்.

நிர்வாகக் குழு கூட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.